நமக்கென்று ஒரு பத்திரிகை எதற்கு?

(புளியறை வாலிபர்கள் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இவ்வூர் வாலிபத் தோழர்கள் சிலர் ஒன்று சேர்ந்து, மாதம் ஒரு முறை சொந்தமாக ஒரு சிறு பத்திரிகை நடத்துவதென்று உத்தேசித்திருப்பதாகவும், முதலில் கையெழுத்தாகவும், கைகூடினால் பிறகு அச்சிலும் கொண்டுவரப் போவதாகவும் சொன்னார்கள். அது வெற்றி பெறுவதற்கு வழி என்ன என்பதைப் பற்றி நாம் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்றும் கேட்டுக் கொண்டார்கள். வழி சொல்லுவது பிற்பாடு இருக்கட்டும். "எதற்காக நடத்த வேண்டும்?" என்னும் கேள்விக்குப் பதில் தெரியாமல் "எப்படி நடத்த வேண்டும்?" என்று கேட்பது, எந்த ஊருக்குப் போவது என்று தீர்மானிக்காமல் ரயில் சார்ஜு எவ்வளவு என்று விசாரிப்பது போலாகும். ஆகையால் முதலில் "எதற்கு?" என்பதையும், பிறகு "வெற்றி என்றால் என்ன?" என்பதையும் பற்றிச் சொல்லுகிறோம். நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக் கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

மனிதனுக்குத் தன் மனதில் பட்டதைச் சொல்ல வேண்டுமென்கிற ஆசை இயற்கையானது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ம் வருஷம் முதல் 1761-ம் வருஷம் வரையில் தாம் கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். அது இன்று சரித்திரக்காரர்களுக்குப் பெரிய பொக்கிஷமாயிருக்கிறது. ஆனால் அவர் அதை ஊருக்குப் படித்துக் காட்ட எழுதவில்லை. பெட்டிக்குள் வைத்துக் கொள்ளுவதற்காக எழுதுகிறவனுக்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை. யாருடைய கோபத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. எழுதியதை நாலு பேர் கையில் கொடுக்கிறபோதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. அந்தத் தொல்லையை ஒருவன் வலிய விலைக்கு வாங்குவானேன்?

பேருக்காக என்பார்கள் சிலர். பேர் வேண்டுமானால் கோவில் கதவில் பித்தளைத் தகடு அடித்துக் கொள்ளலாம், செலவு குறைவு. பணத்துக்காக என்பார்கள் சிலர். பத்திரிகை நடத்திச் சொத்தை அழித்தவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். சொந்தக் கொள்கைக்காகப் பத்திரிகை நடத்திச் சொத்துச் சேர்த்தவர்களைப் பார்ப்பது அபூர்வம். பாஷைக்குத் தொண்டு என்பார்கள் சிலர். பாஷைக்கு வாயிருந்தால் "என் பேரைச் சொல்லி ஏன் நீங்கள் சண்டை போட்டுக் கொள்ளுகிறீர்கள்?" என்று கேட்கும்.

உண்மையான காரணம் வேறு. நம்முடைய சங்கதியைப் பிறருடைய பத்திரிகை போடாது. அவ்வளவுதான். போட்டாலும் நம்முடைய வாயால் சொல்ல விடாது. தன்னுடைய வாயால் மாற்றித்தான் சொல்லும். இதற்கு அத்தாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

1893-ம் வருஷத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னையில் "பறையன்" என்று பெயர் வைத்தே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். எந்த வார்த்தையைச் சொல்லி ஊரார் இழிவு செய்தார்களோ, அந்த வார்த்தையையே எடுத்துத் தலைப்பில் போட்டு, "ஆம், நாம்தான் பேசுகிறோம், கேளுங்கள்" என்றார். மாதப் பத்திரிகையாக ஆரம்பித்தது பிறகு வாரப் பத்திரிகையாகி 1900-ம் வருஷம் வரை நடந்தது. 1907-ம் வருஷம் ஜூன் மாதம் 19-ந் தேதி அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து "ஒரு பைசாத் தமிழன்" என்னும் வாரப் பத்திரிகையைக் கொண்டு வந்தார். பெயரிலேயே விலை இருந்தது. ஏழையும் வாங்க வேண்டும் என்பதே அதன் பொருள். வாசகர்கள் கேட்டுக் கொண்டதன் பேரில் ஒரு வருஷத்திற்குப் பின் அது "தமிழன்" ஆயிற்று. 1914-ல் பண்டிதர் இறந்த பிறகும், 1926-ல் கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் அதை மறுபடியும் நடத்தினார்.

டாக்டர் அம்பேத்கர் 1920-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி "மூக்நாயக்" என்ற பத்திரிகையை மராத்தியில் ஆரம்பித்தார். அப்பெயருக்கு "ஊமைகளின் தலைவன்" என்று அர்த்தம். அவர்கள் பிறவி ஊமைகளல்ல. பேசுவதற்கு இடம் கொடுக்காமல் ஊமையாக்கப்பட்டவர்கள். மூன்று இடங்களிலும் காரணம் ஒன்றேதான்.

நம்முடைய "குடி அரசு" பிறந்த கதையையும் பாருங்கள். இங்கிருந்து அதிக தூரமில்லாத சேரன்மாதேவியில் வ.வெ.சு. அய்யர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பணம் கொடுத்தது. பொதுப் பணத்தில் நடந்த அந்தக் குருகுலத்திலே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு, மற்றவர்களுக்குத் தனிச் சாப்பாடு. தேசத்துக்குச் சுயராஜ்யம் கேட்கிறவர்கள் பிள்ளைகளின் இலையில் சமத்துவம் கொடுக்கவில்லை. 1924, 1925-ம் வருஷங்களில் இதுவே பெரிய விவாதமாயிற்று. அந்தக் காலத்தில்தான், 1925-ம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி, ஈரோட்டில் "குடி அரசு" வெளிவந்தது. பெரியாரும் தங்கபெருமாள் பிள்ளையும் ஆசிரியர்களாயிருந்தார்கள். அதை ஆரம்பித்து வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள் என்னும் சைவ மடாதிபதி. பிற்காலத்தில் மடங்களையெல்லாம் அந்தப் பத்திரிகை என்ன பாடு படுத்தியது என்பது உங்களுக்குத் தெரியும். ஆரம்பித்து வைத்தவருக்காகத் தாட்சண்யம் பார்க்கும் பத்திரிகையாயிருந்திருந்தால் அது முதல் வருஷத்திலேயே பஞ்சாங்கமாகியிருக்கும்.

தோழர்களே! இந்த ஊர்க்காரராகிய உங்களுக்கு ஒரு சங்கதியை விசேஷமாகச் சொல்ல வேண்டும். 1956-ம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி வரையில் இந்தப் பக்கமெல்லாம் மலையாள ராஜ்யத்தோடு சேர்ந்திருந்தது. உங்கள் பாட்டனார் திருவாங்கூர் மகாராஜாவின் பிரஜை. அந்தத் திருவாங்கூரில் வக்கம் மௌலவி என்னும் முஸ்லீம் பெரியவர் 1905-ம் வருஷத்தில் "சுவதேசாபிமானி" என்ற பத்திரிகையைச் சொந்தப் பணத்தில் ஆரம்பித்தார். அடுத்த வருஷம் இராமகிருஷ்ண பிள்ளை என்பவரை ஆசிரியராக அமர்த்தி, "பணம் நம்முடையது, பேனா உம்முடையது" என்னும் மாதிரியில் எழுத்தில் தலையிடாமல் விட்டுவிட்டார். பிள்ளை திவானையும் அவருடைய நிர்வாகத்தையும் கண்டித்து எழுதினார். 1910-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 26-ந் தேதி சர்க்கார் என்ன செய்தது? அச்சுக்கூடத்தைப் பறிமுதல் செய்து, ஆசிரியரைப் பிடித்து நாடு கடத்தியது. அவரைக் கொண்டுவந்து விட்டது நம் திருநெல்வேலிச் சீமையில்தான்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் வாயை மூடிக் கொண்டாரா? பத்திரிகைத் தொழில் எப்படி என்று ஒரு புத்தகமும், 1912-ல் காரல் மார்க்ஸின் ஜீவிய சரித்திரத்தை மலையாளத்தில் ஒரு புத்தகமும் எழுதினார். 1916-ல் கண்ணூரில் இறந்து போனார். அச்சுக்கூடத்தைப் பறிகொடுத்த மௌலவியோ, ஆசிரியரை விட்டுக் கொடுத்து அச்சுக்கூடத்தைத் திரும்பப் பெற்றுக் கொள்ளும் மனிதராயில்லை. பணம் போட்டவன் எழுதுகிறவன் கையைப் பிடிக்காமலிருப்பதும், எழுதுகிறவன் பணம் போட்டவனுக்காகப் பேனாவை வளைக்காமலிருப்பதும்தான் சொந்தப் பத்திரிகையின் முதல் லட்சணம். உங்கள் பத்திரிகையில் இந்த இரண்டும் இருக்குமா என்பதை முதல் இதழுக்கு முன்பே உங்களுக்குள் பேசி முடித்துக் கொள்ளுங்கள்.

இனி வெற்றிக்கு வேண்டியவைகளைச் சொல்லுவோம்.

முதலாவது, உங்களுக்குத் தெரிந்ததை எழுத வேண்டும். சென்னையிலும் டில்லியிலும் நடப்பதைப் பெரிய பத்திரிகைகள் உங்களைவிட நன்றாய் எழுதும். ஆனால் புளியறைச் செக்குப்போஸ்டில் என்ன நடக்கிறது என்பதை உங்களைவிட நன்றாய் அறிந்தவர் யார்? தென்காசி ஜில்லாவின் மலைக் கல்லும், ஜல்லியும், எம்-சாண்டும் லாரி லாரியாக உங்கள் ரஸ்தா வழியாகத்தான் மேற்கே போகின்றன. ரஸ்தா குழியாகிறது, வீட்டுச் சுவர் அதிர்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வருவது என்ன? 2024-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவுகள் திருநெல்வேலி ஜில்லாக் கிராமங்களில் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அரசாங்கமே லாரிகளை அனுப்பித் திரும்ப அள்ளிக் கொண்டு போயிற்று. எல்லையில் குடியிருக்கிறவனுடைய கண்ணுக்கு இதெல்லாம் முதலில் தெரியும். தெரிந்ததைத் தேதி போட்டு, லாரிகளை எண்ணி, எழுதி வைத்தால் அதுதான் பத்திரிகை. "இயற்கையன்னை மேலை மலையிலே பச்சைப் பட்டுடுத்தி நிற்கிறாள்" என்று எழுதுவதற்குப் பத்திரிகை வேண்டியதில்லை. அவள் உடுத்திய பட்டை லாரியில் ஏற்றுகிறார்கள் என்று எழுதத்தான் வேண்டும்.

இரண்டாவது, பேசுகிற மாதிரி எழுத வேண்டும். பக்கத்திலிருக்கும் குற்றாலத்தில் டி.கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்தார். கம்பராமாயணத்தைப் பற்றி அவருக்கும் நமக்கும் ஒரு நாளும் ஒத்து வராது. ஆனாலும் அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. எதிரில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கும். எதிர்க் கட்சிக்காரரிடத்திலும் நல்லதைக் கற்றுக் கொள்ளுவதே பகுத்தறிவு. படித்த ஒருவன் உரக்க வாசிக்க, படியாத பத்துப் பேர் கேட்டுவிட்டு "சரிதானே!" என்று சொல்ல வேண்டும். அகராதி தேட வைக்கும் எழுத்து புலவர்களுக்கு மோட்சம் கொடுக்கலாம்; உழுகிறவனுக்கு ஒன்றும் கொடுக்காது.

மூன்றாவது, சொன்ன தேதியில் வர வேண்டும். முதல் இதழ் தடபுடலாகவும், இரண்டாம் இதழ் இரண்டு மாதம் கழித்தும், மூன்றாம் இதழ் வராமலும் போன பத்திரிகைகள்தான் நாட்டில் அதிகம். நாலு பக்கம் போதும். ஆனால் முதல் தேதியென்றால் முதல் தேதி. சிறியதாய் ஆரம்பிப்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. திருவாரூரில் பள்ளிக்கூடத்துப் பையனாயிருந்த கருணாநிதி, "மாணவ நேசன்" என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். பிறகு 1942-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி "முரசொலி"யைத் துண்டுப் பிரசுரமாகக் கொண்டு வந்தார். அப்போது அவருக்கு வயது 18. காகிதம் சிறியதாயிருக்கலாம், கொள்கை சிறியதாயிருக்கக் கூடாது.

நான்காவது, எழுதியதற்குப் பொறுப்பேற்க வேண்டும். 1933-ல் "குடி அரசு" ஆட்சிமுறையைக் கண்டித்து எழுதியதற்காகப் பெரியாரும், பத்திரிகையை வெளியிடுபவராயிருந்த அவருடைய தங்கை கண்ணம்மாளும் தண்டனை அடைந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு ஸ்திரீ, தன் பேரில் வந்த எழுத்துக்காக ஜெயிலுக்குப் போகத் தயாராயிருந்தார். இங்கிலாந்திலும் "பிரீதிங்கர்" என்ற நாஸ்திகப் பத்திரிகையை 1881-ல் ஆரம்பித்த ஜி.டபிள்யூ. பூட் என்பவருக்கு, மதத்தை நிந்தித்ததாக 1883-ல் 12 மாதச் சிறைவாசம் கிடைத்தது. மொட்டைக் கடிதம் எழுதுகிறவனுக்கும் பத்திரிகை நடத்துகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பொறுப்பு ஒன்றுதான். பொறுப்பு இருந்தால் விசாரித்து எழுதுவான். தப்பாயிருந்தால் அடுத்த இதழில் திருத்துவான். மறுப்பு வந்தால் அதையும் போடுவான். மறுப்பைப் போடப் பயப்படும் பத்திரிகைக்குத் தன் கொள்கையில் நம்பிக்கையில்லை என்றே அர்த்தம்.

இங்கே சிலர், "இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி இருக்கிறதே, நினைத்ததை நிமிஷத்தில் நாலு திசைக்கும் அனுப்பலாமே, பத்திரிகை எதற்கு?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். கைப்பேசியில் எழுதினாலும் சரி, காகிதத்தில் எழுதினாலும் சரி, எழுதுவது உன்னுடையதா என்பதே நம்முடைய கேள்வி. எவனோ எழுதியதை, மெய்யா பொய்யா என்று பாராமல், "பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும்" என்று அனுப்பிக் கொண்டிருப்பது தபால்காரன் வேலை. தபால்காரனுக்காவது சம்பளம் உண்டு. வந்ததை அனுப்புவதை நிறுத்திவிட்டு, கண்டதை விசாரித்து எழுத ஆரம்பித்தால் கைப்பேசியும் பத்திரிகைதான்.

சரி, இவ்வளவும் செய்தால் வெற்றி என்று எதைச் சொல்லுவது? சந்தாதாரர் எண்ணிக்கையையா? அப்படியானால் ஜோசியப் பத்திரிகையைவிட வெற்றி பெற்ற பத்திரிகை வேறில்லை. எத்தனை வருஷம் நடந்தது என்பதையா? "பறையன்" சுமார் ஏழு வருஷம். பண்டிதர் காலத்துத் "தமிழன்" ஏழு வருஷம். "சுவதேசாபிமானி" ஐந்து வருஷத்துக்குச் சற்று அதிகம். "மூக்நாயக்" மூன்று வருஷமளவு. "குடி அரசு" 1949-ல் நின்றது. இவைகளெல்லாம் தோற்றுப் போயினவா?

வெற்றியைப் பார்க்க வேண்டுமானால் உங்கள் வீட்டுப் பிள்ளையின் சிலேட்டைப் பாருங்கள். ணை, லை, ளை, னை என்னும் எழுத்துக்களுக்கு முன்காலத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருந்தது. ணா, றா, னா என்பவைகளும் வேறு வடிவத்தில் இருந்தன. குழந்தைகளுக்கும் அச்சுக் கோர்ப்பவனுக்கும் அது வீண் தொல்லை. 1935-ம் வருஷத்தில் "குடி அரசு" யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், தன் பக்கங்களில் அவைகளை மாற்றி அச்சிட ஆரம்பித்தது. பண்டிதர்கள் சிரித்தார்கள். பத்திரிகை நின்று போய்விட்டது. ஆனால் 1978-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கமே அந்த எழுத்துக்களை ஏற்றுக் கொண்டது. இன்று தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில், "குடி அரசு" என்ற பெயரையே கேள்விப்படாத பிள்ளையும் அதன் எழுத்தில்தான் எழுதுகிறது.

கலியாணத்தையும் பாருங்கள். 1928-ம் வருஷத்தில் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள சுக்கிலநத்தத்தில் புரோகிதனில்லாமல் கலியாணம் நடந்தபோது, அது செல்லாது என்றார்கள். பிறக்கும் பிள்ளைக்குச் சொத்தில்லை என்றார்கள். அப்படிப்பட்ட கலியாணங்களின் சேதியை நம் பத்திரிகைகள் வாரந்தோறும் விடாமல் போட்டன. ஓர் ஊரில் நடந்ததைப் படித்து அடுத்த ஊர்க்காரனுக்குத் தைரியம் வந்தது. 1967-ல் அண்ணாதுரை அவர்களின் மந்திரி சபை அதைச் சட்டமாக்கியது. பத்திரிகையின் வெற்றி இதுதான். வாசித்தவன் "பேஷ்!" என்று சொல்லிவிட்டு மடித்து வைத்தால் தோல்வி, வாசித்தவன் தன் வீட்டில் ஒரு காரியத்தை மாற்றிக் கொண்டால் வெற்றி.

ஆகவே உங்களைக் கேட்கிறோம்: உங்கள் பத்திரிகை எதை மாற்றப் போகிறது? லாரியைப் பற்றி எழுதுவதுகூடச் சுலபம். ஊரே சேர்ந்து கை தட்டும். கஷ்டமான சங்கதி ஒன்று இருக்கிறது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கையில் வர்ணக் கயிறு கட்டிக் கொண்டு போகிறார்கள். சாமிக் கயிறு என்று சொல்லிக் கொள்ளுகிறார்கள். ஒவ்வொரு வர்ணமும் ஒவ்வொரு ஜாதிக்கு அடையாளம் என்பது கட்டுகிறவனுக்கும் தெரியும், கட்டி அனுப்புகிற தகப்பனுக்கும் தெரியும். 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனை உடன் படித்த பிள்ளைகளே வீடு தேடிப் போய் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசாங்கம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களை நியமித்து விசாரிக்கச் சொல்ல, அவர் 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் கொடுத்த அறிக்கையில் வர்ணக் கயிறு கூடாது, பள்ளிக்கூடத்தின் பெயரில் ஜாதி கூடாது என்று சிபாரிசு செய்தார்.

அறிக்கை சென்னையில் இருக்கிறது. கயிறு உங்கள் தெருவில் இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் முதல் இதழில் எழுதுவீர்களா? எழுதினால் உங்கள் பெரியப்பா கோபிப்பார், விளம்பரம் கொடுப்பதாகச் சொன்ன கடைக்காரர் பின்வாங்குவார், உங்கள் ஜாதிச் சங்கத்தார் வீட்டுக்கு வந்து "நம்ம பையனே இப்படிச் செய்யலாமா?" என்று கேட்பார்கள். அயல் ஜாதிக்காரன் கையிலுள்ள கயிற்றைப் பற்றி எழுதுவது வீரமல்ல. உங்கள் தம்பி கையிலுள்ள கயிற்றைப் பற்றி எழுதுங்கள். அப்போதுதான் அது சொந்தப் பத்திரிகை. மற்றவனைத் திட்டுவதற்கு ஊரில் ஏற்கெனவே போதுமான பத்திரிகைகள் இருக்கின்றன.

முதல் இதழில் ஒரு கயிறு அவிழ்ந்தால் போதும். இருநூறு சந்தாவைவிட அது பெரிது. ஒரு கயிறுகூட அவிழவில்லையென்றால் இரண்டாம் இதழில் இன்னும் தெளிவாய் எழுதுங்கள். யார் யார் கோபித்தார்கள், ஏன் கோபித்தார்கள் என்பதையும், அவர்கள் சொன்ன சமாதானத்தையும் அப்படியே போடுங்கள். ஊரார் படித்துப் பார்த்து எது நியாயமென்று தீர்மானிக்கட்டும். தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை: பத்திரிகையில் ஒரு பக்கத்தை நீங்கள் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். சமையல் குறிப்பு எழுதுவதற்கல்ல. பையனுக்குக் கயிறும் பெண்ணுக்குக் கட்டுப்பாடும் யார் கட்டுகிறார்கள் என்று எழுதுவதற்கு.

இந்த மாதிரிப் பத்திரிகை நடத்துவதானால் நம்மால் கூடிய உதவியைச் செய்யத் தயாராயிருக்கிறோம். கவிதையும், துணுக்கும், தலைவர்களுக்கு வாழ்த்தும் போட்டு நடத்துவதானால் காகிதத்தை வீணாக்க வேண்டாம். அதைப் பிள்ளைகளுக்குக் கணக்கு நோட்டாகத் தைத்துக் கொடுங்கள், பிரயோஜனப்படும். எதைச் செய்வதென்று யோசித்துத் தீர்மானியுங்கள்.